சனிக்கிழமைச் சிவப்பு

இளையபெருமாளுக்குச் சிவப்பு நிறத்தின்மேல் பயம் வந்தது, தம்பி ராஜ்குமார் செத்த பிறகுதான்.

ராஜ்குமார் அறுவடை மெஷின் ஓட்டினான். போன வருடம் தை மாதம், மன்னார்குடிக்குக் கிழக்கே தங்கள் சொந்த வயலிலேயே சம்பா அறுத்துக்கொண்டிருந்தான். நெல் கொட்டும் குழாயைத் தூக்கியபோது அது மேலே போன மின்கம்பியில் உரசிவிட்டது. வரப்பில் நின்றிருந்த இளையபெருமாள் கத்தியது மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. அன்று சனிக்கிழமை. ராஜ்குமார் போட்டிருந்தது சிவப்பு டி-ஷர்ட்.

காரியம் முடிந்ததும் இளையபெருமாள் கும்பகோணம் பக்கத்துக் கிரகக் கோயில்களுக்கெல்லாம் போனான். எந்தச் சாமிக்கு என்ன நிறத் துணி சாத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துவந்தான். அர்ச்சகர்கள் யாரும் அவனை அந்த நிறங்களில் உடுத்தச் சொல்லவில்லை. அப்புறம் செல்போனில் ஜோசியம் சொல்லும் ஒரு ஆள் கிடைத்தான். சனிக்கிழமையில் செவ்வாயின் நிறத்தை உடம்பில் போட்டால் உயிருக்கே ஆகாது என்றான் அந்த ஆள். அந்த ஒரு வார்த்தை இளையபெருமாளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

முதலில் அவன் சட்டைகள் மட்டும் மாறின. திங்கள் வெள்ளை, புதன் பச்சை, வியாழன் மஞ்சள், சனிக்கிழமை கருநீலம். அவன் மனைவி குந்தவை, துக்கத்தில் இருக்கிற மனுஷன், ஏதோ செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு நாள் அவள் குளித்துவிட்டு வந்து பீரோவைத் திறந்தால், அவள் புடவைகளும் மகள் யாழ்மொழியின் பாவாடை சட்டைகளும் கிழமைவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. சிவப்பெல்லாம் ஒரு சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏறியிருந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் அந்தச் சாக்கு கீழே இறங்கும்.

பிறகு வீடு மாறியது. அடுப்படியின் ரெட் ஆக்சைடு தரைமேல் நீல ஷீட் விரித்தான். கேஸ் சிலிண்டருக்குப் பழைய போர்வையில் உறை தைக்கச் சொன்னான். காய்ந்த மிளகாய் டப்பாவுக்குள் போனது. வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்கும்முன் குங்குமச் சிமிழைத் துணியில் சுற்றி எடுத்து வைத்துவிடுவான். ஞாயிறு விடியும்வரை வீட்டில் தக்காளி நறுக்கக்கூடாது.

அவன் யாரையும் அடித்ததில்லை. அடித்திருந்தால்கூட குந்தவை அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியிருப்பாள். அவன் பயந்தான், அவ்வளவுதான். தவறிப்போய் ஏதாவது சிவப்பாகக் கண்ணில் பட்டால் அவன் உதடு வெளுக்கும், சுவரில் தலையை முட்டிக்கொள்வான், அன்று முழுக்க யாரையும் வாசல் தாண்ட விடமாட்டான். ஒரு சனிக்கிழமை யாழ்மொழி மறதியாகச் சிவப்பு ரப்பர் பேண்டில் சடை போட்டிருந்தாள். அன்று சாயங்காலம் கொட்டிலில் கன்றுக்குட்டி பாம்பு கடித்துச் செத்தது. இளையபெருமாள் மகளின் தலையைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையைக் குந்தவையும் பார்த்தாள், யாழ்மொழியும் பார்த்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. இளையபெருமாள் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தான். குந்தவை மகளை எழுப்பப் போனாள். பாயில் யாழ்மொழி இல்லை. போர்த்தியிருந்த துப்பட்டியும் இல்லை.

"யாழு!"

கொல்லையில் இல்லை. குளியலறையில் இல்லை. கொல்லைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பாயை மடிக்கக் குனிந்தபோது ஓரத்தில் காசளவு ஒரு கறை தெரிந்தது. சிவப்பு.

மகள் வயசுக்கு வந்துவிட்டாள் என்பது குந்தவைக்கு ஒரு நொடியில் புரிந்தது. ஆனால் மனசுக்குள் முதலில் எழுந்தது சந்தோஷம் இல்லை. இன்றைக்குச் சனிக்கிழமை என்ற நினைப்புதான். அந்த நினைப்பு மகளுக்கும் வந்திருக்கும் என்று தோன்றிய அடுத்த கணம் அவள் செருப்பில்லாமல் ஓட ஆரம்பித்தாள்.

வாய்க்காலில் கரை முட்டத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மேட்டூர் திறந்து வந்த புதுத் தண்ணீர், செம்மண் கலங்கலாக, நாணல்களைச் சாய்த்துக்கொண்டு ஓடியது. "யாழு, யாழு" என்று கத்திக்கொண்டே கரையோடு போனாள். படித்துறையில் யாரும் இல்லை. ஒரு துணி தண்ணீரில் சுற்றிச் சுற்றி வந்தது. குந்தவை முழங்கால்வரை இறங்கி அதைப் பிடித்து இழுத்தாள். மகளின் துப்பட்டி. அதற்குள் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் இரண்டு கையாலும் அதை உதறிப் பார்த்தாள்.

"அம்மா."

மதகுக்குப் பக்கத்தில், தண்ணீர் சுழித்து இறங்கும் இடத்தில், மதகுச் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மார்பளவு நீரில் நின்றிருந்தாள் யாழ்மொழி. உதடு நீலம் பாரித்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"அங்கேயே நில்லு கண்ணு. அசையாதே. அம்மா வர்றேன்."

"வராதேம்மா. நிக்கட்டும், அப்புறம் வர்றேன்."

"என்ன நிக்கணும்?"

"அதுதான். தண்ணிக்குள்ள நின்னா தெரியல. வெளிய வந்தா மறுபடி வருது."

"யாழு, அது பொண்ணுங்க எல்லாருக்கும் வர்றதுடீ. பயப்படாதே."

"அது எனக்குத் தெரியும்மா. ஸ்கூல்ல வந்து சொல்லியிருக்காங்க." குழந்தையின் பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. "ஆனா இன்னிக்கு சனிக்கிழமை. அப்பாவுக்கு ஏதாவது ஆயிடும். கன்னுக்குட்டி செத்துச்சுல்ல. நான் நாளைக்குக் காலைல வரைக்கும் இங்கயே இருந்துடுறேம்மா."

குந்தவை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாணலைப் பற்றி இறங்கினாள். நீர் அவள் இடுப்பைத் தள்ளியது. இரண்டு முறை கால் வழுக்கியது. மகளின் மணிக்கட்டைப் பிடித்த பிறகுதான் மூச்சு விட்டாள். பிடித்த பிடியில் அந்த இடம் சாயங்காலம்வரை கன்றிப்போய் இருந்தது.

கரையோரத்தில் முதல் வீடு ரோஸ்லினுடையது. அவள் அந்தப் பக்கத்துக் கிராம நர்ஸ். ஈரம் சொட்ட நின்ற இரண்டு பேரையும் பார்த்து எதுவும் கேட்காமல் உள்ளே அழைத்துப் போனாள். யாழ்மொழியைத் துவட்டி, தன் மகளின் பச்சை நைட்டியை உடுத்தி, நாப்கின் கொடுத்து, சூடாகப் பால் குடிக்க வைத்தாள். பிறகு குந்தவையை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். குந்தவை எல்லாவற்றையும் சொன்னாள். வெளியாள் ஒருவரிடம் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட நேத்து ராத்திரியே ஆயிடுச்சுன்னு சொல்லிடு" என்றாள் ரோஸ்லின். "வெள்ளிக்கிழமைன்னா அவரும் சும்மா இருப்பாரு. யாருக்குத் தெரியப் போவுது?"

"ஆமாக்கா. அப்படித்தான் சொல்லணும்" என்றாள் குந்தவை.

வீட்டுக்கு நடக்கும்போது அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். 'நேத்து ராத்திரி. நேத்து ராத்திரி ஒம்போது மணிக்கு.' யாழ்மொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கை இன்னும் சூடாகவில்லை.

இளையபெருமாள் வாசலில் நின்றிருந்தான். காலில் சேறு காயவில்லை. விரித்தபடி கிடந்த பாயை அவன் பார்த்திருக்கிறான் என்று முகத்தைக் கண்டதும் தெரிந்துவிட்டது.

"எப்போ?" என்றான்.

குந்தவை வாயைத் திறந்தாள். யாழ்மொழி அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள். எந்தக் கிழமையைச் சொல்லப்போகிறாள் என்று காத்திருக்கும் பார்வை. இப்போது பொய் சொன்னால் இந்தப் பெண் இனி மாதாமாதம் கிழமை பார்த்துத் தன்னை ஒளித்துக்கொள்வாள் என்று குந்தவைக்குப் பட்டது. எங்கேயாவது ஒரு மதகில் போய் நிற்பாள். அடுத்த முறை தான் போய்ச் சேர நேரமாகிவிடும்.

"இன்னைக்குத்தாங்க" என்றாள். "காலைல. சனிக்கிழமை."

அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். நம்பர் தவறித் தவறிப் போனது. "மணி என்ன இருக்கும்? என்ன கலர் துணி போட்டிருந்தா? சொல்லு, ஜோசியர் கேப்பாரு, சொல்லு."

"யாரையும் கேக்க வேணாங்க."

"உனக்குப் புரியாது குந்தவை. இது உசுரு விஷயம்."

அவள் போனைப் பிடுங்கினாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவன் கையிலிருந்து எதையும் அவள் பிடுங்கியதில்லை. அவன் அவளைப் பார்த்தான், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நெற்றியை முட்ட ஆரம்பித்தான். ஒரு தரம், இரண்டு தரம். மூன்றாவதில் தோல் கிழிந்தது.

"அப்பா!" யாழ்மொழி அலறினாள். "நான் வேணும்னு பண்ணலப்பா! நான் வாய்க்கால்லயே நின்னேன்பா, அம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க!"

இளையபெருமாள் நின்றான். நெற்றியிலிருந்து வழிந்தது புருவத்தில் தேங்கியது.

"வாய்க்கால்ல நின்னாளா?"

"மதகுகிட்ட" என்றாள் குந்தவை. "மார்பளவு தண்ணில. உங்களுக்கு ஏதாவது ஆயிடும்னு நாளைக் காலைலவரைக்கும் அங்கயே நிக்கப் போறேன்னு சொன்னா."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "அந்த டி-ஷர்ட் என்னோடது. அன்னைக்குக் காலைல ராஜ்குமார் சட்டையெல்லாம் ஈரமா கெடந்துச்சு. இதைப் போட்டுக்கடான்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன். நல்லாருக்கான்னு கேட்டான். மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்னேன்."

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் கூடவே படுத்து எழுந்த குந்தவைக்கு அது தெரியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவன் நெற்றியை அழுத்திப் பிடித்தாள்.

"கம்பிதாங்க தம்பியைக் கொன்னுது" என்றாள்.

அவன் தலையாட்டினான். நம்பினானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. எட்டு நாளைக்குள் ஏதாவது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றான் அவன். எட்டு நாளும் வயலுக்குப் போகவில்லை, மோட்டார் சுவிட்சைத் தொடவில்லை. தனிப்பாயில் உட்கார்ந்திருந்த மகளையே கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பயம் தன்னையும் தொற்றியிருக்கிறது என்பதைக் குந்தவை அப்போதுதான் கண்டுகொண்டாள். மாடு செருமினாலும் எழுந்து கொட்டிலுக்கு ஓடினாள். ஒவ்வொரு நாள் விடிந்ததும் இரண்டு பேரும் மூச்சோடு இருக்கிறார்களா என்று பார்த்தாள். ஒன்பதாம் நாள் அண்ணன் வந்து, தாய்மாமன் சீர் செய்து, யாழ்மொழிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

தஞ்சாவூரில் ஒரு மனநல டாக்டரை ரோஸ்லின் விசாரித்துச் சொன்னாள். "எனக்கென்ன பைத்தியமா?" என்றான் இளையபெருமாள். இரண்டு நாள் கழித்து யாழ்மொழி அவன் சாப்பிடும்போது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் பயமா இருக்குப்பா. நானும் வர்றேன். ரெண்டு பேரும் காட்டிக்கலாம்."

மூன்று பேரும் காலை பஸ்ஸில் போனார்கள். டாக்டர் முதலில் யாழ்மொழியிடம் பேசினார், பிறகு அவனை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம். மாத்திரை கொடுத்தார், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார். அவன் போனான். பீரோவில் தன்னுடைய அடுக்கை மட்டும் கிழமைப்படி வைத்துக்கொண்டான். மற்ற இரண்டு அடுக்கையும் தொடுவதை விட்டான்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை, யாழ்மொழி குளியலறைக்குள்ளிருந்து சத்தமாகக் கூப்பிட்டாள். "அம்மா, வந்துடுச்சும்மா. நாப்கின் எடுத்துக் குடு."

கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த இளையபெருமாள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். குந்தவை நாப்கினோடு அப்படியே நின்றாள். அவன் தெருவில் இறங்கி நடந்தான். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து அடுப்படி வாசலில் நின்றான்.

"அவளுக்கு வயிறு வலிக்குதா?" என்றான்.

கேட்கும்போதும் நிலையைப் பிடித்த கையை அவன் விடவில்லை.