கஜனியின் அடிக்குறிப்பு

ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முந்திய அயர்லாந்துப் பெண்களின் உரிமைகளைப் பற்றிக் கேட்டால் கஜனி தூக்கத்திலும் சொல்லுவாள். ஏழு வருட ஆராய்ச்சி. கட்டில் சங்கதியைப் புருசன் ஊருக்குச் சொல்லிச் சிரித்தால், மனைவி தான் கொண்டுவந்ததை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று அந்தக் காலத்துச் சட்டத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை எழுதிய நாளில் அவளுக்குப் பசியே எடுக்கவில்லை.

புலம்பெயர்ந்த நாட்டில், ஸ்ரௌவ்வில் நகரத்துப் புது வீட்டுக்குக் குடிபுகுந்த அன்று, கொத்துரொட்டிக்குக் காத்திருந்த சனத்தின் நடுவில், அவளுடைய கணவன் வாகீசன் அவளின் ஆய்வேட்டிலிருந்து அந்தப் பக்கத்தைத்தான் எடுத்து வாசித்தான். "அப்ப நானும் ஒண்டு சொல்லிப் பாக்கட்டே?" என்றான். அவள் கட்டிலில் எப்படிக் கிடப்பாள் என்று சொன்னான், நடித்தும் காட்டினான். வெட்கங்கெட்ட சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கஜனியைப் பெற்ற இராஜேஸ்வரியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இனி இவனோடு இருப்பதில்லை என்று கஜனி முடிவெடுத்தாள். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அவள் பேரில் எழுதிய சீதன வீடு இருந்தது. அதை விற்றால் பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு பேஸ்மென்ற் வீடு வாடகைக்கு எடுத்துத் தனியே இருக்கலாம். அடுத்த நாள் விடியவே யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணியை அழைத்தாள்.

"பிள்ளை, எங்கடை யாழ்ப்பாணச் சட்டம் தேசவழமையிலை பொம்பிளையின்ரை வீடெண்டாலும் புருசன் கையெழுத்து வைக்காமல் விக்கேலாது. உமக்குத் தெரியாதே?" என்றார் அவர். வழக்குப் போடலாம், வருடக்கணக்கில் இழுபடும் என்றும் சொன்னார்.

கஜனிக்குத் தெரியாது. செத்துப்போன பெண்களின் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவள், அலுமாரிக்குள் கிடந்த தன் வீட்டு உறுதிப் பத்திரத்தை ஒருநாளும் விரித்துப் பார்க்கவில்லை. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

ஆனாலும் போய்க் கையெழுத்துக் கேட்டாள். வாகீசன் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீரை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டான். கோபப்படவில்லை.

"வைக்க மாட்டன்," என்றான் நிதானமாக. "உம்மடை அந்தப் பக்கத்திலை, கீழை, சின்ன எழுத்திலை ஒரு அடிக்குறிப்புக் கிடந்தது. அடிமைப் பொம்பிளையளுக்கு உந்த உரிமை ஒண்டும் இல்லையாம். அதையும் வாசிச்சனான்."

அந்த அடிக்குறிப்பைக் கஜனி மூன்று தரம் சரிபார்த்து எழுதியிருந்தாள். அதில் ஒரு பிழையும் இல்லை.

நேற்றுச் சனம் சாப்பிட்ட கோப்பைகள் இன்னும் சிங்கில் கிடக்கின்றன என்றான் வாகீசன். அவள் உள்ளே போய்க் கழுவத் தொடங்கினாள்.