கழிவுத்துணி மாஸ்டர்

எனக்கு பைபோலார். ஒளிக்க என்ன இருக்கிறது? சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாதிரி, மனசை ஏற்றி இறக்கும் அதுவும் ஒரு வியாதி. கோட் தைக்கும் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். படுக்கையை விட்டு எழவிடாத மனச்சோர்வு ஒருவழியாகப் போனது. போகிற போக்கில் என் ஞாபகத்தையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. வேலைக்குத் திரும்பியதுமே, காகித மாதிரியைப் புரட்டிப் போட மறந்து, ஒரு ரோல் வெல்வெட் முழுவதையும் இடது முன்பக்கமாகவே வெட்டித் தள்ளினேன். வலது பக்கம் இல்லாத கோட்டை எவன் போடுவான்?

எங்கள் சூப்பர்வைசர் என் சொந்த அக்கா. "பேசாம பட்டன் தைக்கிற பக்கம் உக்காருடி. தலைவலி இல்லாத வேலை," என்றாள்.

"கத்தரிய கீழ வெக்க மாட்டேன். உன்னால ஆனதப் பாத்துக்கோ," என்றேன்.

டாக்டரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "அழுகை நின்னுடுச்சு, சந்தோஷம். என் மூளைய யாரு திருப்பித் தருவா?" அவர் ஒரு மருந்து ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். கார்டிசால் என்ற ஹார்மோன் கூடிப்போனால் ஞாபகத்தையும் கவனத்தையும் கெடுக்கலாமாம். மூளையில் அது வேலை செய்யும் இடத்தை ஆராய்ச்சியில் கொடுக்கும் மாத்திரை கொஞ்ச நாள் அடைத்து வைக்குமாம்.

"பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா. பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரைதான். உங்களுக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

முகத்துக்கு நேராகச் சொன்ன அந்த மனுஷனைப் பிடித்துப்போயிற்று. சேர்ந்துவிட்டேன்.

"சோதனை எலியா போறியா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆமா, எலிதான். இருந்துட்டுப் போறேன்."

மாத்திரைகள் முடிந்ததும் மறுபடி வெட்டும் மேஜைக்கு வந்தேன். அக்கா மறுபேச்சில்லாமல், கோட்டின் உள்பக்கம் வைக்கும் லைனிங் துணி கொடுத்தாள். வெட்டினேன். நடுவில் மறந்தால் நின்று, மாதிரியைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தேன். முன்பெல்லாம் மறந்ததே தெரியாமல் வெட்டிக்கொண்டு போவேன். எதை வெட்டினாலும் அக்கா "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஒருநாள் இஸ்திரி அறைக்குப் பின்னால் போனேன். கழிவுத்துணி மூட்டை ஒன்று பிரிந்து கிடந்தது. உள்ளே நான் வெட்டிய அத்தனையும், என் சாக்பீஸ் குறியோடு, ஊசி படாமல் கிடந்தது. சாயம் சரியில்லை என்று ஒதுக்கிய துணியைத்தான் இத்தனை நாளும் எனக்குக் கொடுத்திருக்கிறாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

மூட்டையை இழுத்துவந்து அக்காவின் காலடியில் கொட்டினேன். மெஷின்கள் நின்றன.

"என்ன இது?"

"உன் மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னுதான்டி... நீ மறுபடி படுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்?" அவள் குரல் கம்மியது.

"மாத்திரை டம்மியா இருக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டுக் குடுத்தாரு. சரின்னு முழுங்கினேன். நீ வேலையவே டம்மியாக் குடுத்திருக்க. என்னைக் கேட்டியா? வெல்வெட்ட எடு. தப்புப் பண்ணா திட்டு, வாய் வலிக்கத் திட்டு. பாவம் மட்டும் பார்க்காத!"

அக்கா போய் வெல்வெட் ரோலைத் தூக்கி வந்தாள்.

துணியைத் தடவி, ரோமம் எந்தப் பக்கம் படிகிறது என்று பார்த்துக்கொண்டேன். இடதை வெட்டினேன். அடுத்த துண்டுக்கு மாதிரியைக் கையில் எடுத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. இப்போது எந்தப் பக்கம்? மாதிரியைப் புரட்டிவிட அக்காவின் கை நீண்டது.

"தொடாத!"

கத்தரியை வைத்துவிட்டு, வெட்டிய துண்டின் மேல் மாதிரியைப் பொருத்திப் பார்த்தேன். புரட்டினேன். வலதை வெட்டினேன்.

அக்கா இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். ஜோடி சரியாக இருந்தது. ஆனால் அவள் புருவம் ஏறியது.

"கை சேர்ற எடத்துல வெட்டுக்குறி எங்கடி? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? குறி இல்லாம கைய எங்க பொருத்தித் தைக்கிறதாம்?"

என்னை இப்படி யாரும் திட்டி எவ்வளவு காலமாயிற்று! சந்தோஷமாகக் கத்தரியை எடுத்தேன்.

"போடறேன், போடறேன். அதுக்கு ஏன் இப்படிக் கத்தற?" என்று நானும் கத்தினேன்.