மார்கழிப் பூவும் தோட்டப் போட்டியும்

என் வீட்டுக்காரருக்கு மழையைப் பற்றித் தெரியாது என்று சொல்ல மாட்டேன். திருவனந்தபுரத்தில் கரமனையிலேயே பிறந்து, நாற்பது வருஷம் குடை பிடித்தவர். அப்படிப்பட்டவர்தான் ஊட்டியிலிருந்து டேலியாக் கிழங்கு வரவழைத்தார். வைகாசிப் பாதியில் பிடிக்கும் இடவப்பாதி மழையில் எல்லாம் அழுகிப்போயின. அடுத்த வருஷம் பெங்களூர் ரோஜா. அதற்குக் குடை பிடித்துக்கொண்டு இவர் நனைந்தார். ரோஜாவும் போயிற்று, இவருக்குக் காய்ச்சலும் வந்தது.

எதிர்வீட்டுச் சாம்பசிவன் குரோட்டன்ஸ் வைத்திருந்தார். மழை பெய்யப் பெய்ய இலைக்கு இலை நிறம். நகரத் தோட்டப் போட்டியில் இரண்டு வருஷமும் கோப்பை அவருக்குத்தான். இருவருக்கும் ஒரே ஆபீஸ், ஒரே பஸ். "என்ன ஓய் நாகேஸ்வரா, இந்த வருஷம் காஷ்மீர்லேர்ந்து வரதா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பாராம். அந்தக் கோப்பையை ஒரு தடவையாவது வீட்டுக்குக் கொண்டுவராமல் இவருக்குச் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான மூன்றாம் வருஷம் புத்தி வந்தது. நம் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றதாகப் பார்த்துச் வெட்சி என்கிற சிவப்புத் தெச்சி, செம்பருத்தி, நந்தியாவட்டை வைத்தார். கார்த்திகைக் கடைசியில் வாசலே பூவாக இருந்தது. என் கண்ணே பட்டுவிடுமோ என்று பயந்தேன்.

போட்டி நடத்துகிறவர்கள் தோட்டம் பார்க்க வந்தது மார்கழி முதல் நாள். எங்கள் தெருவில் சுவாமிக்கு என்றால் யார் வாசல் பூவையும் கேட்காமல் பறிக்கலாம். மற்ற நாளில் இரண்டொருவர் வருவார்கள். மார்கழி பிறந்தால் தெருவே வரும். மண்ணைப் பார்த்தவர், மழையைப் பார்த்தவர், பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. விடிந்தபோது ஒரு பூ மிச்சமில்லை.

காலேஜில் தாவரப் பாடம் நடத்தும் சுசீலாபாய்தான் மார்க் போட வந்தாள். வெறும் பச்சையாக நின்ற செடிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பூவெல்லாம் எங்கே சார்?" என்றாள்.

தெருப் பெண்களை ஏசிவிடுவாரோ என்று நினைத்தேன்; இவர் ஏசவில்லை. "வாங்கோ, காட்டறேன்" என்று அவளைத் தெருமுனைப் பிள்ளையாரிடம் கூட்டிக்கொண்டு போனார். தும்பிக்கை நுனி மட்டும்தான் பிள்ளையார். மற்றதெல்லாம் எங்கள் வாசல்.

சுசீலாபாய் சிரித்துவிட்டாள். "நல்ல பங்கிதான், ரொம்ப அழகு சார். ஆனா செடியில இருந்தாத்தானே மார்க் போட முடியும்?"

கோப்பை மறுபடி எதிர்வீட்டுக்குப் போயிற்று. சாயந்திரம் மெதுவாகச் சொன்னேன்: "அடுத்த வருஷம் நாமளும் குரோட்டன்ஸே வெச்சுடலாமே. ஒருத்தரும் தொடமாட்டா."

"வேண்டாம் மங்கலம்" என்றார். "டேலியா வெச்சப்போ ஒருத்தர் எட்டிப் பாக்கலை. இன்னிக்குத் தெருவே நம்மாத்து வாசலுக்கு வந்துடுத்து. சாம்பசிவன் வாசலுக்கு யார் வரா, சொல்லு?"

இவரையா இத்தனை நாள் கேலி செய்தோம் என்றிருந்தது.

இவ்வளவும் பேசியவர், சாப்பிட்டுக் கை கழுவும்போது தனக்குள்ளேயே முணுமுணுத்தார்: "நந்தியாவட்டையையாவது விட்டுவெச்சிருக்கலாம்."