பஞ்சு நூலா, சாதா நூலா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிருமாம்பாக்கத்து மருந்துக்கடை ஒன்றில் தலைவலி மாத்திரைக்காக நின்றபோது கிடைத்த கதை இது. எனக்கு முன்னால் ஓர் அம்மா, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் டப்பா இரண்டை, கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். எதை வாங்கினார் என்று நான் பார்க்கவில்லை, பஸ் வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த அம்மா என்னை விடவில்லை.

2

'கரும்புத் தோட்டத்தின் மேல் மாலைச் சூரியன்...' வேண்டாம். பல் கதைக்குச் சூரியன் எதற்கு?

பெயர் தனக்கொடி. வயது அறுபதை ஒட்டி. கணவர் போய்விட்டார், மகன் துபாயில். [கதைகளில் எல்லா மகன்களும் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்? சரி, ஓசூரில்.] கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளாண்ட் பல், எலும்பில் ஸ்க்ரூ இறக்கிப் பொருத்தியவை. மாதம் ஒருமுறை பல் கிளினிக்கில் மஞ்சுளா என்ற பெண் அவற்றைச் சுத்தம் செய்வாள். வாயைத் திறந்ததுமே கேட்பாள்:

"இன்னாம்மா, நேத்து முருங்கக்கீரயா?"

தனக்கொடி நேற்று என்ன சாப்பிட்டாள் என்று தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் மஞ்சுளாதான். வாய்க்குள் கருவி இருக்கும்போது பேச முடியாது. தனக்கொடி தலையை மட்டும் ஆட்டுவாள். அதுவே அவளுக்குப் போதும். (இதை எழுதிவிட்டு, நேற்று நான் என்ன சாப்பிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள்.)

3

போன தடவை மஞ்சுளா சொன்னாள்:

"சாதா நூலு இந்தப் பல்லுக்கு ஆவாதும்மா. நடுவுல பஞ்சு மாரி இருக்கும் பாருங்க, அத வாங்குங்க. வெறப்பா இருக்கிற முனைய பல்லுக்கு அடியில நொழச்சி, சுத்தி இழுங்க. டெய்லி பண்ணா ஒரு வருஷத்துக்கு இந்தப் பக்கமே வர வேணாம்."

"பண்ணாட்டி?"

"ஈறு வீங்கும், எலும்பு கரையும். ரெண்டு பல்லும் ஆடிப் பூடும்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். தனக்கொடிக்கு அது எப்படி இருந்தது என்றால், ஏதோ... விடுங்கள். அவள் காதில் நின்றது 'வர வேணாம்' மட்டும்தான்.

4

ஆக, கடையில் இரண்டு டப்பா. சாதா நூலை வாங்கினால் அடுத்த மாதமே மஞ்சுளாவைப் பார்க்கலாம், பல் போகும். பஞ்சு நூலை வாங்கினால் பல் நிற்கும். ஏன் என்று கேட்க நாதி இருக்காது.

முதலில் சாதா நூலை வாங்க வைத்தேன். நீயெல்லாம் மனுஷனா என்று என்னையே திட்டிக்கொண்டு கிழித்துப் போட்டேன். இரண்டாவது தடவை மஞ்சுளாவே வீடு தேடி வந்து கதவைத் தட்டினாள். அப்படியெல்லாம் யார் வருகிறார்கள்? அதுவும் குப்பைக்குப் போனது.

மூன்றாவதில் பஞ்சு நூல். தினமும் கண்ணாடி முன் நின்று, சொன்னபடியே சுத்தம் செய்தாள். ஈறில் ஒரு குறை சொல்ல முடியாது. மாதம் ஒன்று போனதும் பொறுக்கமாட்டாமல் போன் செய்தாள்.

"மஞ்சு, தனக்கொடி பேசறேன். வரட்டுமா?"

"இன்னாத்துக்கும்மா? வலி கிலி இருந்தா வாங்க."

"வலிக்குது."

"எந்த எடத்துலம்மா?"

5

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். எந்தப் பல்லைச் சொன்னாலும் பொய். மஞ்சுளா காத்திருக்கிறாள், அடுத்த ஆள் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்தாயிற்று. தனக்கொடிக்கு வார்த்தை வரவில்லை, எனக்கும் வரவில்லை. உங்களுக்கு வந்தால் சட்டென்று சொல்லிவிடுங்கள். மஞ்சுளா போனை வைத்துவிடப் போகிறாள்.