மேற்கோள் இல்லாத வரி

வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் சரிந்து விழுந்ததில் தம்பியின் இடது கை மணிக்கட்டுக்குக் கீழே செயலற்றுப் போனது. ஆஸ்பத்திரியில் அந்தக் கையை எக்ஸ்ரே எடுத்தவள் அவனுடைய அக்காதான். அவள் வேலை அது. படம் திரையில் வந்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டியவர் டாக்டர் என்பதால் படத்தை அவருக்கு அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்தபின் தம்பி ஒற்றைக் கையால் பொத்தான் போடவும் ஷேவ் செய்யவும் பழகிக்கொண்டான். கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் போகவில்லை. முன்பெல்லாம் பட்டறை விட்டால் அவனுக்கு அதுதான் கதி. வெறும் நிலத்தில் தொடங்கித் தெருத் தெருவாக ஓர் ஊரைக் கட்டி எழுப்பும் விளையாட்டு. பல வருடங்களாக ஒரே ஊரைக் கட்டிக்கொண்டிருந்தான். அதில் நகர்வதற்கு இடது கை வேண்டும், கட்டுவதற்கு வலது கை வேண்டும்.

விளையாட்டின் கோப்புகளைத் திறந்து நம் வசதிக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்று அக்கா கேள்விப்பட்டாள். மாடிங் என்று அதற்குப் பெயர். கற்றுக்கொள்ள ஒரு விக்கி இருந்தது. விளையாடுகிறவர்களே எழுதி, அவர்களே திருத்துவது. வேலை விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டதற்கு மாடிங் என்றாள்.

"ஆஸ்பத்திரி வேலை போதாதுன்னு மாடு வேற மேய்க்கிறியா?" என்றாள் அம்மா. தம்பி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தான்.

விக்கி அவளை ஏமாற்றவில்லை. எந்தக் கோப்பு, எதில் திறப்பது, கீபோர்டில் எந்த விசைக்கு எந்த எண் என்று சொன்னதெல்லாம் சொன்னபடியே நடந்தது. நம்பிக்கை வந்தது அப்படித்தான். விசைகளை ஒரே கைக்கு மாற்றும் பக்கத்தில், இந்த மாற்றம் பழைய சேமிப்புகளை, அதாவது ஏற்கனவே ஆடிச் சேமித்த ஊர்களை, பாதிக்காது என்று ஒரு வரி இருந்தது. ஆதாரமாக ஒரு வீடியோவையும் காட்டியிருந்தார்கள். அவள் மாற்றத்தைச் செய்து தம்பியின் ஊரைத் திறந்தாள்.

ஆறு இருந்தது. தெருக்கள் இல்லை, வீடுகள் இல்லை. பழுப்பு நிறத்தில் பொட்டல் நிலம். அவள் வெளியேறுவதற்குள் விளையாட்டு அந்தப் பொட்டலையே பழைய ஊரின் மேல் சேமித்துவிட்டது.

தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

"எல்லாம் போச்சா?"

"போச்சு. நான்தான் தொட்டேன்."

"விடுக்கா. கையே போச்சு, ஊரு என்ன பெருசு."

அவன் கத்தியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஓர் எலும்பை ஒரு கோணத்தில் மட்டும் படம் எடுத்து அனுப்ப மாட்டார்கள். நேரே எடுத்ததில் தெரியாத விரிசல் பக்கவாட்டில் தெரியும். இந்த வரியை ஒரு பக்கமாகத்தான் பார்த்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. விக்கியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு என்று ஒரு பகுதி உண்டு. யார் எதைச் சேர்த்தார்கள், எதை நீக்கினார்கள் என்பது அங்கே அழியாமல் கிடக்கும். அதைத் திறந்தாள்.

பாதிக்காது என்று எழுதியவரின் புனைபெயர் ஆந்தைக்கண். அவர் காட்டிய வீடியோவை முழுதாகப் பார்த்தாள். அதில் வருகிறவன் புது ஆட்டம்தான் தொடங்குகிறான். பழைய சேமிப்பை அவன் திறக்கவே இல்லை. அதற்கும் முன்னால் பழைய இரும்பு என்ற ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: பழைய ஊரைத் திறந்தால் அழிந்துவிடும், எனக்கு அழிந்தது. முதலில் சேமிப்பைப் புதிய அமைப்புக்கு மாற்றிவிட்டுப் பிறகுதான் விசைகளைத் தொட வேண்டும். விளையாட்டு தனியாக ஒரு பழைய நகல் வைத்திருக்கும். அது எங்கே இருக்கும் என்றும் சொல்லியிருந்தார். ஆந்தைக்கண் அதை மொத்தமாக நீக்கியிருந்தார். காரணம்: மேற்கோள் இல்லை, அதாவது ஆதாரம் காட்டவில்லை, வெறும் சொந்த அனுபவம்.

பழைய இரும்பு சொன்ன இடத்தில் நகல் இருந்தது. விபத்துக்குச் சில மாதங்கள் முந்தையது. அதைத் தனியாக இன்னோர் இடத்திலும் போட்டு வைத்துவிட்டு, அவர் சொன்ன வரிசையில் எல்லாவற்றையும் செய்தாள். ஊர் எழுந்து நின்றது. தம்பி வந்து குனிந்து பார்த்தான்.

"மார்க்கெட் தெரு இல்ல," என்றான். பிறகு, "பரவால்ல. அது வளைவு சரியா வரல. மறுபடி போடணும்" என்றான்.

அக்கா விக்கியின் உரையாடல் பக்கத்தில் நடந்ததை எழுதினாள். காட்டமாகத்தான் எழுதினாள். ஆந்தைக்கண் மரியாதையாகவே பதில் போட்டார். தான் செய்து பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பார்த்துக்கொள்வதாகவும், ஆதாரம் கேட்காவிட்டால் விக்கி முழுக்க வதந்திதான் மிஞ்சும் என்றும் சொன்னார். "பழைய இரும்பு சொன்னது உண்மையாவே இருந்தாலும், அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருந்தார்.

சண்டைக்குத் தயாராக இருந்தவள் அந்தக் கேள்வியை மறுபடி படித்தாள். படத்தில் ஒன்றுமே தெரியாத இடத்தைத் தொட்டுக் காட்டி, இங்கேதான் வலிக்கிறது என்று சத்தியம் செய்கிறவர்களை அவளும் தினம் பார்க்கிறாள். முன்னும் பின்னும் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சேர்த்து, உங்கள் ஊரின் நகல் ஒன்றில் நீங்களே செய்து பாருங்கள் என்று மட்டும் எழுதினாள்.

கொஞ்ச நாள் போயிற்று. பிறகு ஆந்தைக்கண் எழுதினார்: "செஞ்சு பாத்தேன். என் ஊரும் அழிஞ்சிருச்சு. நல்லவேளை, நகல்தான்." எச்சரிக்கையைச் சிவப்பில் பக்கத்தின் தலையிலேயே வைத்தார். முதலில் இதைச் சொன்னவர் பழைய இரும்பு என்றும் மறக்காமல் குறிப்பிட்டார்.

அக்கா பழைய இரும்புக்கு நன்றி எழுதினாள். பதில் வரவில்லை. அவர் கணக்கைத் திறந்து பார்த்தாள். ஆந்தைக்கண் அந்த வரியை நீக்கியதற்குப் பிறகு அவர் விக்கியில் எதையும் எழுதவே இல்லை.

தம்பி வலது கையாலேயே ஆடப் பழகினான். மெதுவாகத்தான் வந்தது. ஒரு நாள் அக்கா வேலையிலிருந்து திரும்பி உரையாடல் பக்கத்தைப் பார்த்தபோது, புதிய பதிப்பிலும் இந்த முறை சரிப்படுமா என்று யாரோ கேட்டிருந்தார்கள். அதன் கீழே ஒரு பதில் இருந்தது.

"பழைய பதிப்புல மட்டும்தான் நாங்க பார்த்தோம். புதுசுல தெரியாது. நகல் எடுத்துட்டு செஞ்சு பாருங்க. என்ன ஆச்சுன்னு இங்க எழுதுங்க."

எழுதியவர் பெயர் ஒத்தக்கை மேஸ்திரி என்று இருந்தது. பக்கத்து அறையில் தம்பி மார்க்கெட் தெருவின் வளைவைப் போட்டுக்கொண்டிருந்தான்.