ஏழாவது கிளிப்பச்சைப் புடவை

ஆரணி பட்டு வியாபாரி தனசேகரன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு காக்டெயில் விருந்துக்குப் போனார். சென்னையில், வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய மாளிகை மாதிரி ஹோட்டல். அங்கே வரவேற்பிலும் விருந்திலும் நிற்கும் ஆறு பெண்களுக்கும் சீருடைப் பட்டு அவர் கொடுத்ததுதான். கிளிப்பச்சையில் அரக்கு பார்டர். அந்தப் பழக்கத்தில்தான் மேனேஜர் நிஷா கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஜோடியாக வரச் சொல்லியிருந்தார்.

மனைவி ஹேமலதா சைதாப்பேட்டையில் தங்கை வீட்டில் உடுத்திக்கொண்டு நேராக ஹோட்டலுக்கு வந்தாள். வந்தவள் உடுத்தியிருந்ததைத் தனசேகரன் அப்போதுதான் பார்த்தார். கிளிப்பச்சை, அரக்கு பார்டர். மிச்சமிருந்த பாவு நூலில் கூடுதலாக ஒன்று நெய்து பீரோவில் வைத்ததை அவர் மறந்தே போயிருந்தார்.

அவர் எழுந்து ஓடுவதற்குள் கோட்டு போட்ட ஒருவர் தன் காலி கிளாஸை அவள் கையில் வைத்துவிட்டு நடந்தார்.

"இன்னாங்க இது?" ஹேமலதா சுற்றிலும் பார்த்தாள். ஆறு கிளிப்பச்சைகள் தட்டோடு சுற்றிக்கொண்டிருந்தன.

"கத்தாத ஹேமா. இந்த டிசைன்ல வெளிய ஒரு புடவைகூட இருக்காதுன்னு மேனேஜரம்மாகிட்ட சத்தியம் பண்ணிக்கீறேன். கொஞ்ச நேரம் அவங்களோட அவங்களா நின்னுடு."

"நான் தட்டு ஏந்தணுமா?"

"ஏந்த வேணாம். சும்மா நின்னா போதும்."

ஹேமலதா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்து மேசையிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள்.

சொந்தக்காரர் கல்யாணப் பந்தி போலவே நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. "வேணாம்னா எப்படி? இன்னும் ரெண்டு வெச்சிக்கோங்க" என்று ஒரு ரிட்டயர்ட் ஜட்ஜை மடக்கி மடக்கி பன்னீர் தின்ன வைத்தாள். கிளாஸ் கிளாஸாக இறக்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞனிடமிருந்து கிளாஸைப் பிடுங்கி, "போதும் தம்பி, வீட்ல தேடுவாங்க" என்று சமோசாவைத் திணித்தாள். ஜனங்கள் அவள் தட்டைத் தேடிப் போய்ச் சாப்பிட்டார்கள்.

தனசேகரன் கை நீட்டினால் மட்டும் தட்டு நழுவியது. "விருந்தாளிங்களுக்கு சார் இது" என்றாள். பசி தாங்காமல், திராட்சை என்று நினைத்து ஓர் ஆலிவை வாயில் போட்டவர் துப்ப இடம் தெரியாமல் விழுங்கினார்.

கேக் வெட்டியதும் நிஷா மைக் பிடித்து, தூரத்தில் தெரிந்த கிளிப்பச்சையைக் கைகாட்டினார். "இன்னிக்கு கெஸ்ட் எல்லாரும் பாராட்டின நம்ம ஸ்டாஃப், அதோ அவங்கதான்! பரிசு கொடுக்க தனசேகரன் சாரை அழைக்கிறேன்."

பிளம் கேக் கூடையைக் கொடுத்து அவர் கை குலுக்கினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பெண்டாட்டிக்குக் கை கொடுத்தது அன்றுதான். "தேங்க்ஸ் சார்" என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

எப்படியோ தப்பித்தோம் என்று காரில் ஏறும்போது செக்யூரிட்டி வழிமறித்தார்.

"ஹோட்டல் பொண்ண கூட்டிகினு எங்க சார் போறீங்க?"

"வீட்டுக்கு."

"யாரு வீட்டுக்கு?"

"எங்க வீட்டுக்குத்தான்பா!"

போர்ட்டிகோ முழுதும் திரும்பிப் பார்த்தது. ஜட்ஜும் பார்த்தார். நிஷா ஓடி வந்தார். ஹேமலதா கேக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கென்ன என்று கண்ணாடி வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ, இவ என் சம்சாரம்மா!"

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க" என்றார் செக்யூரிட்டி.

புருஷன் நன்றாக வியர்க்கும்வரை விட்டுவிட்டு ஹேமலதா மகளுக்கு வீடியோ கால் போட்டு போனை நிஷாவிடம் நீட்டினாள். "சிவசங்கரி, இது யாருன்னு இந்தம்மாகிட்ட சொல்லு."

திரையில் மகள் தனசேகரனைப் பார்த்தாள். "அப்பா, மறுபடியும் இன்னா பண்ணீங்க?"

அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. நிஷா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், அந்த ஏழாவது புடவையையும் கூரியரில் அனுப்பிவிடச் சொன்னார். ஹேமலதா உடனே தலையாட்டினாள். அவள் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதுதான் தனசேகரனுக்குப் பயமாக இருந்தது.

மறுவாரம் ஆரணியில், எதிர்க்கடை காத்தவராயன் விரித்துப் போட்ட புடவைகளுக்கு நடுவே தனசேகரன் உட்கார்ந்திருந்தார். அவருடைய சொந்தக் கடை ஆட்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். "போன பச்சைக்கு ஈடா அந்த மயில்கழுத்து கலரையும் எடுங்க" என்றாள் ஹேமலதா. காத்தவராயன் வாயெல்லாம் பல்லாக, தனசேகரனுக்கு டீ சொல்லியனுப்பினார்.