ஊதுபத்திப் புகை சாய்ந்த பக்கம்

அந்த வருஷம் சித்திரைக் கடைசியில் வந்த அக்கினி நட்சத்திரம் ஐப்பசியிலும் போகவில்லை. வந்த விருந்தாளியைக் கிளம்பச் சொல்லும் பழக்கம் பாளையங்கோட்டையில் கிடையாது. அதனால் ஊரார் தங்கள் வீடுகளைத் திருத்திக்கொண்டார்கள்.

ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டி ஒட்டினார்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார்கள். குண்டு பல்புகளைக் கழற்றி எறிந்தார்கள். ஒழுங்காகத் திருந்திய வீட்டின் கதவில், ஃபிரிஜ்ஜில் ஒட்டியிருப்பதுபோல, அரசாங்கத்து ஆள் வந்து நட்சத்திரம் ஒட்டுவார். ஒரு வீடு திருந்தினால் பூமியின் சூடு அந்த அளவுக்குக் குறையும். அது உண்மைதான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இரண்டாவது மாடியில் இருந்த செண்பகத்தின் வீட்டுக்கு நாலு நட்சத்திரம்தான் கிடைத்திருந்தது. அவள் ஏசியை இருபத்தாறுக்குக் கீழே இறக்கியதே இல்லை. வெயில் படும் பக்கமெல்லாம் கனத்த திரை போட்டிருந்தாள். ஆனாலும் குளுமை எங்கேயோ கசிந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டு மரியபுஷ்பத்துக்கு ஐந்து. ஐந்தாவதை அவள் எப்படி வாங்கினாள் என்பது ஊருக்கே தெரியும். விளக்கை அணைப்பதுபோல மாமனாரை அணைத்துவிட்டாள்.

"நல்ல நாள் பெரிய நாள்ல போட்டு விட்டுருவோம்க்கா," என்றாள் மரியபுஷ்பம். "அவுகளும் சௌரியமாத்தான் இருக்குங்காக."

பெரியவர் கூடத்து மூலையில் நாற்காலியில் இருந்தார். மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

செண்பகம் சந்தேகப்பட்டது வாசலைத்தான். அவள் புருஷன் நயினார் மோட்டார் ரிப்பேர் கடை ஒன்றில் வேலை பார்த்தார். காலையில் கதவைத் திறந்து "போயிட்டு வாரேன்" என்பார். பிறகு ஏதோ ஞாபகம் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாமா வீட்டுக் கல்யாணம், சாம்பாரில் புளி கூடியது என்று பேச்சு வளரும். மறுபடியும் "போயிட்டு வாரேன்" என்பார். அந்த ஊரில் விடைபெறுவது ஒரு வார்த்தையில் முடிகிற காரியமில்லை. கதவு திறந்தே கிடக்கும்.

"சொல்லிட்டுச் சட்டுபுட்டுனு போங்க, குளுமையெல்லாம் போகுது," என்று அவள் கத்துவாள். கத்திக்கொண்டே அவளும் அங்கேதான் நிற்பாள்.

நட்சத்திரம் ஒட்டும் ஆய்வாளரை வரச் சொல்லித் தகவல் கொடுத்ததும் அவள்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

ஆய்வாளர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். காபி வேண்டாம் என்றார். அடுப்புச் சூட்டை அவர் விரும்பவில்லை. பையிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினார்.

"புகை எந்தப் பக்கம் சாயுதோ அங்க ஓட்டைன்னு அர்த்தம்மா."

ஜன்னலோரம் புகை நேராக ஏறியது. சமையலறையிலும் நேராக ஏறியது. வாசல் கதவருகேகூட அது அசையவில்லை. செண்பகத்துக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நயினாரைக் கடந்தபோது புகை சாய்ந்தது. அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில், நூல் பிடித்ததுபோல உள்ளே போயிற்று.

"எங்க போகுது?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"தெரியல சார்," என்றார் நயினார். "உள்ளதான் எங்கயோ போகுது."

"ரொம்ப நாளா இருக்கா?"

"வாசல்ல நின்னு பேசும்போது அந்த இடத்துல சிலுசிலுன்னு இருக்கும். சுகமாத்தான் இருக்கும் சார்."

ஆய்வாளர் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"குளுமை பூரா இது வழியாத்தாம்மா போகுது."

செண்பகம் அந்தப் பொத்தானையே பார்த்தாள். "அடைக்க முடியாதா சார்?"

"அடைக்கலாம். மூச்சும் சேந்து நின்னுரும்."

"வேற வழி?"

"வெளிய வச்சிடலாம். ஓட்டை வெளிய இருந்தா வீட்டுல ஓட்டை இல்ல."

நயினார் செண்பகத்தைப் பார்த்தார். கத்தரிக்காய் வாங்குவதற்குக்கூட அவளைக் கேட்கிற மனிதர். "நீ சொல்லு செம்பகம்," என்றார்.

நாலு நட்சத்திரம் போதும் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். எதிர்வீட்டுக் கதவிடுக்கில் மரியபுஷ்பத்தின் கண் தெரிந்தது. அவள் பின்னால் துண்டு போர்த்திய நாற்காலியும் தெரிந்தது. ஊர் என்ன சொல்லுமோ என்று செண்பகம் பயந்துவிட்டாள்.

"கொஞ்ச நாளைக்குத்தானே சார்?" என்றாள்.

ஆய்வாளர் பையிலிருந்து ரப்பர் பட்டியை எடுத்தார். "வாயையும் ஒட்டணும். பேசினா நெறையப் போயிரும்."

நயினார் முகத்தை நீட்டிக் காட்டினார். ஒட்டி முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டார். பழக்க தோஷத்தில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒட்டியிருந்த பட்டி கொஞ்சம் புடைத்தது. பிறகு படியிறங்கிவிட்டார்.

அவர் சொல்லிக்கொள்ளவில்லை. தெருமுனைக் கடைக்குப் போனாலும் போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போகிற குடும்பம் அது. சொல்லாமல் வீட்டைவிட்டுப் போகிறவர் ஒரே வகைதான். அப்படிப் போகிறவரை நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் போவார்கள்.

கூப்பிடலாம் என்று அவளுக்குப் பதறியது. போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டே மாடிதான், ஆனால் அன்றைக்குப் படிகள் முடிகிற வழியாக இல்லை. செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆய்வாளர் கதவைச் சாத்தினார். சத்தம் நின்றது.

ஐந்தாவது நட்சத்திரம் ஒட்டியாயிற்று. வீடு குளிர்ந்தது. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துவிட்டது. செண்பகம் இரண்டு பேருக்கு உலை வைத்தாள். பிறகுதான் உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு நின்ற இடத்திலேயே அழுதாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சாமிக்கு ஊதுபத்தி கொளுத்தினாள். புகை நேராக ஏறியது. பிறகு சாய்ந்தது.

அவள் இடது பக்கம் நகர்ந்தாள். புகையும் நகர்ந்தது. அவள் தாலிக்குக் கொஞ்சம் மேலே, நூல் பிடித்ததுபோல, உள்ளே போயிற்று. தொட்டுப் பார்த்தாள். சிலுசிலுவென்று இருந்தது.

ஆய்வாளர் இன்னும் போகவில்லை. சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெனைச்சேன்," என்றார். பையைத் திறந்து பட்டியை அளவாக வெட்ட ஆரம்பித்தார்.

செண்பகம் பின்னுக்கு நகர்ந்தாள். வாயை ஒட்டிவிட்டால் அவளாலும் சொல்லிக்கொள்ள முடியாது. சொல்லிக்கொண்டு போகிறவளால்தான் அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வர முடியும். அது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு உள்பக்கம் பார்த்து நின்றாள். குளுமை அவளை உரசிக்கொண்டு வெளியே பாய்ந்தது.

"போயிட்டு வாரேன்!" என்று கத்தினாள்.

திரும்பி முதல் படியில் கால் வைத்தாள். கீழே, வெகு ஆழத்தில், நயினாரின் செருப்புச் சத்தம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பிழைத்தோம் என்றிருந்தது அவளுக்கு.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"சரி. பாத்துப் போயிட்டு வா, செம்பகம்."

அது நயினாரின் குரல். கீழே செருப்புச் சத்தமும் நிற்கவில்லை. உள்ளே எங்கேயோ இருந்து வந்தது.

சொல்லிக்கொண்டு புறப்பட்டவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் ஒரு காலைப் படியிலும் ஒரு காலை வாசலிலும் வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்த கால் மெல்ல முன்னே தள்ளப்பட்டது. ரப்பர் பட்டி ஒட்டிய கதவு, பொட்டுக் காற்றுகூட விடாமல் சாத்திக்கொண்டது.